ஒன்பது சாமி ரூட்

போன வாரம் எங்கள் தெருமுனையில் நின்றுகொண்டிருந்த டவுன் பஸ்ஸை மாற்றிவிட்டார்கள். இனி அது பெட்ரோல் பங்கைச் சுற்றிப்போய் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் நிற்குமாம். பலகை வைக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. இரண்டு பஸ்களைத் தவறவிட்ட பிறகு ஒரு பூக்காரப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று காலை அங்கே நின்றவர்கள் பதினொரு பேர். ஏழு பேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். மூன்று பேர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே நடந்தார்கள். ஒருவர் மட்டும் அங்கேயே நின்றார். அந்த ஒருவர் நான்.

கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கலாம் என்றான் என் மகன். மனுக் கொடுத்து நின்ற பஸ்ஸை நான் பார்த்ததில்லை. பஸ்ஸை நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இந்த வயதில் அதைத் தூக்கிக்கொண்டு போய் வைக்க முதுகு இடம் கொடுக்காது, அவ்வளவுதான்.

யுத்த காலத்தில் குடுமியான்மலைக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் ஓடியது. காலையில் டவுனுக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். எங்கள் ஊர் இரண்டுக்கும் இடையில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. ஊருக்குப் பிரியும் இடத்தில் ஓர் உசிலமரம், ஓர் ஊருணி, ஒரு கைகாட்டி மரம். கைகாட்டியின் கை நான் பிறப்பதற்கு முன்பே ஒடிந்து விழுந்திருந்தது. அதனால் அது எந்த ஊரையும் காட்டாமல் சும்மா நின்றது. யுத்தத்துக்கு முன் பஸ்ஸும் அதைப் பார்த்து எங்களுக்கு ஊர் இல்லை என்று முடிவுகட்டியதோ என்னவோ, நிற்காமலே போய்க்கொண்டிருந்தது.

பிறகு பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு அடுப்பு வண்டி என்று பெயர். குடுமியான்மலையில் உற்சாகமாகப் புறப்படுகிற வண்டி, எங்கள் ஊருக்கு முன்னால் இருந்த மேட்டில் ஏறி முடிப்பதற்குள் தளர்ந்துவிடும். உசிலமரத்தடிக்கு வந்ததும் நின்றே ஆக வேண்டும். டிரைவர் இறங்கிச் சாம்பலைக் கிளறிக் கொட்டுவார். கண்டக்டர் ஊருணியில் தண்ணீர் மொண்டு வருவார். கரியை நிரப்பி, விசிறிக் கைப்பிடியைச் சுற்றி, மறுபடி வாயு வரும்வரை வண்டி அங்கேயே கிடக்கும். நாங்கள் அதற்குள் நிதானமாக ஏறி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவோம்.

இப்படியாக எங்களுக்கு ஒரு ஸ்டாப்பிங் கிடைத்தது. அதைக் கொடுத்தது எங்களை ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானம் அல்ல, பஸ் முதலாளி அல்ல. ஜெர்மனிக்காரனும் ஜப்பான்காரனும் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு மூத்தவள் ஒரே அக்கா. அவளுக்குக் கல்யாணமான மறு வருடமே மச்சான் மலாயாவுக்குப் போனார். ஜப்பான்காரன் அங்கே இறங்கிய பிறகு கடிதம் வருவது நின்றுவிட்டது. அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, நெற்றிக் குங்குமத்தோடு, இன்ன நிலைமை என்று யாரும் சொல்ல முடியாத ஒரு நிலைமையில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே எட்டாவது தேறியவள். டவுனில் பெண்களுக்கு வாத்தியார் டிரெயினிங் இரண்டு வருடம் சொல்லித் தருகிறார்கள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அய்யாவிடம் பேச்சை எடுத்தாள். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.

"அய்யா, நான் டவுனுல டிரெயினிங்குக்குப் போறேன்."

"போயி?"

"வாத்தியாராயிருவேன்."

"ஏன், இங்க ஒனக்குச் சோறு போடாமயா வச்சிருக்கோம்?"

"இன்னைக்கி நீங்க போடுறீங்க. நாளைக்கித் தம்பி பொண்டாட்டில்ல போடணும்."

எனக்கு அப்போது பொண்டாட்டியே கிடையாது. இருந்தாலும் அய்யாவும் ஆத்தாவும் சோற்றில் கை வைத்தபடி என்னை முறைத்துப் பார்த்தார்கள். இல்லாத ஒருத்திக்காக நான் தலை குனிந்தேன்.

மூன்றாவது நாள் அய்யா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, மாட்டிடம் சொல்வது போல அக்காவிடம் சொன்னார்.

"தம்பியோட அடுப்பு வண்டியில போ. சாயங்காலம் அதே வண்டியில வா. வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரணும். என்னைக்கி அது தப்புதோ, அன்னையோட நிப்பாட்டிரு."

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுப் பெண் வெளியே இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் அசைக்க முடியாத வழக்கம். அய்யாவிடம் அதைப் பற்றிப் பேசி வெல்ல முடியாது. பேசவும் தேவை இருக்கவில்லை. அடுப்பு வண்டி எவ்வளவு மூச்சு வாங்கினாலும் பொழுது சாய்வதற்குள் எங்களை உசிலமரத்தடியில் இறக்கிவிட்டது. அய்யா அங்கே வந்து காத்திருப்பார். அக்கா முன்னால், அவர் நடுவில், இரண்டு பேர் சாப்பாட்டுத் தூக்கையும் சுமந்துகொண்டு நான் பின்னால். வீட்டுக்குப் போனதும் ஆத்தா மாடத்தில் விளக்கு வைப்பாள். நான் டவுனில் ஒரு வக்கீலிடம் எழுத்து வேலை பார்த்துவந்தேன். ஆனால் ஊரில் என் உத்தியோகம் அக்காவுக்குத் துணை என்பதுதான்.

முதல் வருடம் பாதி ஓடியிருக்கும். யுத்தம் முடிந்தது. நேசநாடுகள் ஜெயித்தன. நாங்கள் தோற்றோம்.

எப்படி என்றால், முதலாளிக்குப் பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை பஸ், முதுகில் உருளை இல்லாமல், புதுப் பெயிண்ட் பூசிக்கொண்டு மேட்டில் வந்தது. நாங்கள் வழக்கம்போல நிதானமாக எழுந்து சீலையையும் வேட்டியையும் தட்டிக்கொள்வதற்குள், இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. அக்கா கை நீட்டியது நீட்டியபடி நின்றாள். பக்கத்தில் கை ஒடிந்த கைகாட்டி.

அடுத்த ஸ்டாப்பிங் டவுன் பக்கமாக மூன்று மைல் தள்ளி ஒரு பெரிய ஊரில். காலையில் அதுவரை நடந்து போய் ஏறலாம், போனோம். சாயங்காலம் அங்கே இறங்கித் திரும்பி நடந்தால் வழியிலேயே இருட்டிவிடும். சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவரலாம் என்று நான் சொன்னபோது, ஆத்தா காதைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமான பெண் தம்பியின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வருவதை அந்தக் காலத்தில் ஊர் ஒரு வருடத்துக்குப் பேசும். முதல் நாள் நாங்கள் வீட்டுக்கு வந்தபோது மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அய்யா எங்களைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்தார்.

"இந்த மாசம் வரைக்கும் பாப்போம்" என்றார்.

மறுநாள் பாடம் முடிந்ததும் நானும் அக்காவும் பஸ் முதலாளியைப் பார்க்கப் போனோம். வண்டி நிறுத்துகிற கொட்டகையிலேயே ஒரு ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அதுவா? அது ஸ்டாப்பிங் இல்லையே தம்பி. வண்டி மூச்சு வாங்குன எடம்."

"மூணு வருசமா நின்னுச்சுங்களே" என்றாள் அக்கா.

"மூணு வருசமா சீக்காக் கெடந்துச்சு, நின்னுச்சு. இப்பச் சொகமாயிருச்சு. சொகமானவனப் போயி மறுபடி ஆஸ்பத்திரியில படுங்கிறீங்களே?"

கொட்டகையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று பேர். அக்கா சிரிக்கவில்லை.

"வழியில வேற எங்கயும் நிக்கிறதே இல்லைங்களா?"

"ஸ்டாப்பிங் இல்லாத எடத்துலயா? கண்மாக்கரை ஐயனாருக்கு நிக்கும், வளைவுல கருப்பருக்கு நிக்கும். டிரைவரு எறங்கிச் சூடம் பொருத்தாமப் போக மாட்டாரு. அதுல நான் தலையிடுறதில்ல. சாமி காரியம்."

அக்கா அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள். மூன்று மைல் நடையில் பாதிக்கு மேல் வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"டேய், மாட்டுக் கொட்டாயில அந்த ஒடஞ்ச கொழவி இன்னம் கெடக்கா?"

ஆட்டுரல் குழவி. அடிப்பக்கம் தெறித்துப் போனதால் ஆத்தா அதைத் தூக்கிப்போட்டிருந்தாள். கன்றுக்குட்டிக் கயிற்றைச் சுற்றிவைக்க உதவிக்கொண்டிருந்தது. மேலே குறுகி, கீழே பருத்து, கருகருவென்று, சும்மா கிடக்கும்போதே யாரையோ முறைப்பது போல இருக்கும். அக்கா கேட்டவுடனேயே அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது போலக் கொஞ்சம் தூரம் நடந்து பார்த்தேன். பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில், ஊர் உண்ட மயக்கத்தில் இருந்தபோது காரியத்தை முடித்தோம். அக்கா உட்காரக் கூடாத சைக்கிளில் குழவி சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து வந்தது. அக்கா ஊருணிக்குத் தண்ணீர் எடுக்க வருவது போலக் குடத்தோடு வந்தாள். உசிலமரத்தடியில் மூன்று வருடச் சாம்பல் ஒரு மேடாகக் கிடந்தது. உடைந்த பக்கத்தை அதற்குள் புதைத்துக் குழவியை நிமிர்த்தினோம். எண்ணெயும் சாம்பலும் குழைத்துத் தடவி, அதன் மேல் மஞ்சள், அதன் மேல் குங்குமம். ஒரு துருப்பிடித்த அரிவாளைப் பக்கத்தில் நட்டேன். கொஞ்சம் நேராக நின்றது.

"சாய்ச்சு வையிடா. ரொம்ப நாளா இருந்தா நேராவா நிக்கும்?" என்றாள் அக்கா.

பார்த்தவை இருபத்து மூன்று ஆடுகள். அவை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மரத்தடியில் நின்றோம். பஸ் மேட்டில் ஏறி, ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டியது. போய்விட்டது என்று நினைத்தேன். நாற்பது கஜம் தள்ளிப் போய், பிரேக் சத்தத்தோடு நின்றது. பிறகு பின்னாலேயே வந்தது. அதற்கு முன் அந்த பஸ் பின்னால் வந்து நான் பார்த்ததில்லை. டிரைவர் குதித்து இறங்கினார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய உடம்பு. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழவிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இது யாரு?"

"முனிங்க" என்றாள் அக்கா.

"எப்பருந்து இங்க இருக்கு?"

"இங்கதாங்க இருக்கு. சாம்பலு மூடிக் கெடந்துச்சு. இப்பக் காத்துல கொஞ்சம் கலைஞ்சு தெரியுது."

டிரைவரின் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். முதலில் மீசை தொங்கியது. பிறகு கண்.

"ஆத்தாடி! மூணு வருசமா நெருப்போட சாம்பலை அவன் தலையிலயா கொட்டுனேன்?"

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். நாங்கள் பஸ்ஸை நிறுத்த ஒரு சாமியைத்தான் வைத்தோம். அந்தச் சாமிக்கு டிரைவர் மேல் மூன்று வருடக் கோபம் இருக்கும் என்பதை டிரைவரேதான் சேர்த்துக்கொண்டார். யுத்த காலத்தில் தமக்கு வந்த வயிற்றுவலி, மனைவிக்குக் கலைந்த கர்ப்பம், மழையில் இடிந்த சுவர் எல்லாவற்றுக்கும் அங்கேயே, அந்த நிமிடமே காரணம் கண்டுபிடித்துவிட்டார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பஸ்ஸிலிருந்து பத்தொன்பது பேர் இறங்கி வந்து வரிசையாகக் கும்பிட்டார்கள். கண்டக்டர் அந்தச் சாம்பலிலேயே ஒரு பிடி அள்ளி எல்லோருக்கும் திருநீறாகக் கொடுத்தார். எனக்கும் ஒரு பட்டை போட்டுவிட்டார். அது பஸ்ஸின் சாம்பல் என்று நான் சொல்லவில்லை. சொல்லி என்ன, அவருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமும் பஸ் நின்றது. பொழுது சாய்வதற்கு முன்பே வீட்டில் இருந்தோம். அந்த வாரமே டிரைவர் ஒரு சின்ன வெண்கல விளக்கு வாங்கிக்கொண்டு வந்தார். அக்காவுக்காக மரத்தடியில் காத்திருந்த அய்யாவின் கையில் அதைக் கொடுத்தார்.

"பெரியவரே, நான் ஒரு எடத்துல நிக்கிறவன் இல்ல. நீங்கதான் தெனம் அவனுக்கு ஒரு வெளக்கு வச்சு விடணும்."

அய்யா விளக்கைப் பார்த்தார். முனியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரி என்றார். அன்றிலிருந்து அய்யாவே முனிக்குப் பூசாரி. காவலுக்கு இருக்கிறவனுக்கு வைத்த பிறகுதான் வீட்டில் வைக்க வேண்டும் என்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டார். முனிக்கு எரிந்த பிறகுதான் எங்கள் மாடத்தில் எரியும். வெள்ளிக்கிழமைகளில் ஆத்தா வந்து தன் சொந்தக் குழவிக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா அப்போதெல்லாம் ஊருணிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

காரியம் இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. பஸ் நிற்காத ஊர் எங்கள் ஊர் மட்டுமா? டிரைவருக்குப் பழைய சாமிகள் இரண்டு, எங்கள் முனி மூன்று. அடுத்த மாதம் எங்களுக்கும் டவுனுக்கும் நடுவே ஓர் ஆலமரத்தடியில் அம்மன் வெளிப்பட்டாள். நாலு. அதற்கப்பால் ஒரு பனந்தோப்பு ஓரமாக யாரோ ஒரு வேட்டைக்காரச் சாமி. ஐந்து. ஆறாவது, சாலையோரத்து மைல்கல். எண் நெற்றியிலேயே இருந்ததால் அதன் மேல் பட்டையாகத் திருநீறு பூசியிருந்தார்கள். மழை பெய்தால் சாமிக்கு மைல் தெரியும். ஏழாவது, சமஸ்தானம் நட்ட சர்வே கல். எட்டாவது ஒரு புற்று. அது மட்டும் யாரும் வைக்காமலே அங்கே இருந்தது. ஒன்பதாவது சாமி ஒரு காப்பிக்கடை வாசலுக்கு நேர் எதிரே, கடைக்காரரே கண்டெடுத்தது. அந்தச் சாமியை மட்டும் பிரயாணிகள் யாரும் அவசரமாகக் கும்பிட்டதில்லை.

நான் ஒவ்வொரு பிரயாணத்திலும் எண்ணுவேன். எண்ணிக்கை குறைந்ததே இல்லை. பஸ்ஸில் அதை ஒன்பது சாமி ரூட் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

"எல்லாத்துக்கும் நிக்கணுமாண்ணே?" என்று ஒருநாள் டிரைவரிடம் கேட்டேன்.

"ஒருத்தன் தலையில நெருப்புக் கொட்டுனவன் தம்பி நான். இனிமே எவன் யாருன்னு பாக்க மாட்டேன். கல்லு நிமுந்து நின்னா வண்டி நிக்கும்" என்றார்.

முதலாளிக்கு வயிறு எரிந்தது. சாமி காரியம் என்று தம் வாயாலேயே சொல்லிவிட்டதால் டிரைவரைத் திட்டவும் முடியவில்லை. யோசித்து, அவருக்குப் பதிலாக ஒரு ராவுத்தரை டிரைவராகப் போட்டார். முதல் நாள் ஆலமரத்தடி அம்மனிடம் வந்ததும் ராவுத்தர் பஸ்ஸை நிறுத்திவிட்டு, இறங்காமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி இதற்காகவா உங்களைப் போட்டார் என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார்.

"நாலு பேரு பயந்து கும்புடுற எடத்துல விர்ருன்னு போறதுக்கு நான் என்ன வெள்ளைக்காரனா? போங்க, போயி நல்லாக் கும்புட்டுட்டு வாங்க. நம்ம தொழுகைக்கு நிறுத்துறப்ப நீங்க இருக்க மாட்டீங்களா?"

ஆக, பழைய டிரைவரிடம் சூடம் அணைந்ததும் கிளம்பிய வண்டி, ராவுத்தரிடம் கடைசி ஆள் கும்பிட்டு முடிக்கும்வரை நின்றது. அதோடு தொழுகைக்கும் ஒருமுறை. ஒரு மாதத்தில் முதலாளி பழைய டிரைவரையே கூப்பிட்டுக்கொண்டார்.

இதற்குள் சாயங்கால பஸ் எங்கள் மரத்தடிக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அக்கா இரண்டாம் வருடத்தில் இருந்தாள். எட்டாவது சாமி வெளிப்பட்ட சில நாட்களிலேயே ஒருநாள் நன்றாகவே இருட்டிவிட்டது. பஸ்ஸில் அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தாள். தான் வைத்த சாமி தன்னையே நிறுத்தப்போகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அய்யா சொன்னால் சொன்னதுதான்.

ஹெட்லைட் வெளிச்சத்தில் மரத்தடி தெரிந்தது. அய்யா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம், கையில் தீப்பெட்டி. விளக்கில் திரி போட்டிருந்தது. எரியவில்லை. பஸ் போனதும் ஒரே இருட்டு. அக்கா அருகில் வந்து நின்றதும் அவர் தீக்குச்சியைக் கிழித்து விளக்கைப் பொருத்தினார்.

"வெளக்கு வச்சிட்டேன். வீட்டுக்குப் போங்க" என்றார்.

"இருட்டி ரொம்ப நேரமாச்சே அய்யா" என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் விலாவில் கிள்ளினாள். அந்த இடம் ஒரு வாரம் வலித்தது.

அதன் பிறகு பஸ் எவ்வளவு தாமதமாக வந்தாலும் நாங்கள் ஒருநாள்கூட விளக்கு வைத்த பிறகு வரவில்லை. திரி ஈரம், காற்று அதிகம், குச்சி நமத்துப் போச்சு என்று அய்யா ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வைத்திருந்தார். யாரும் கேட்காமலே சொல்வார்.

ஆனால் முதலாளியிடம் இன்னொரு சாலை இருந்தது. டவுனிலிருந்து குடுமியான்மலைக்கு வடக்கே பொட்டல் வழியாகச் சமஸ்தானம் புதிதாகச் சரளை போட்ட சாலை. கொஞ்சம் சுற்று. ஊர்கள் குறைவு. ஆனால் அதில் மரமே கிடையாது. மரம் இல்லாத இடத்தில் முனி இருக்க மாட்டான், கருப்பன் இருக்க மாட்டான், அம்மனுக்கும் நிழல் வேண்டும். முதலாளி ஒருநாள் தாமே வண்டியில் அந்தச் சாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். சாமி எண்ணிக்கை பூஜ்யம். மறு வாரம் திங்கட்கிழமையிலிருந்து பஸ் அந்த வழியாகப் போகும் என்று கண்டக்டர் எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கே முகம் வாடியிருந்தது. காப்பி போய்விட்டதே.

ஒன்பது சாமிகளும் ஒன்பது ஊர்களும் ஒரே நாளில் பஸ் இல்லாமல் ஆயின. யுத்தத்துக்கு முன்பிருந்தே ஸ்டாப்பிங் இருந்த அந்த மூன்று மைல் தள்ளிய பெரிய ஊருக்கும் போயிற்று. ஒரு குழவியைக் கொண்டு நாங்கள் சாதித்தது அது.

பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. புதிய சாலை எங்கள் ஊரிலிருந்து, வயலையும் பொட்டலையும் கடந்து, ஆறு மைல். என்னிடம் சைக்கிள் இருந்தது. அக்கா தினம் நடந்து போய்வருவது நடக்கிற காரியம் இல்லை. அக்கா அய்யாவிடம் போனாள்.

"அய்யா, அஞ்சு மாசந்தான். ஆஸ்டல்ல இருந்துக்கிறேன். பரீட்சையை முடிச்சிட்டு வந்துர்றேன்."

"வெளக்கு வைக்கிறதுக்குள்ள வரணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"சொன்னது சொன்னதுதான்."

அக்கா எழுந்து போய்ப் புத்தகங்களைத் துணியில் கட்டிப் பரண்மேல் போட்டாள். பிறகு ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள். எத்தனை பாத்திரம் என்று அன்று நான் எண்ணவில்லை.

மறுநாள் விடிந்ததும் அய்யா வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பரண்மேல் இருந்த புத்தகக் கட்டு வண்டிக்குள் இருந்தது. ஆத்தாவின் தகரப்பெட்டியும் இருந்தது.

"ஏறு" என்றார் அக்காவிடம்.

"எங்கிட்டு?"

"டவுனுக்கு. எங்கிட்டுன்னு கேக்குறா."

அக்கா ஏறிக்கொண்டாள். அவர் என்ன முடிவு செய்திருக்கிறார் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் தெரிந்தது. அய்யா அவளை ஆஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பி, எண்ணெய்க் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல மரத்தடிக்குப் போனார். திரியைச் சரிசெய்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நன்றாக இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, விளக்கை வைக்காமலே எழுந்து வந்துவிட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"மாடத்துல வெளக்கில்லாம வீடு எத்தனை நாளைக்கிக் கெடக்குறது?" என்று ஆத்தா சண்டைக்கு வந்தாள்.

"சிம்னி எரியுதுல்ல? கண்ணு தெரியுதுல்ல?"

"அது வெளிச்சம். நான் வெளக்கக் கேக்குறேன்."

"முனிக்கு வைக்காம நமக்கு வைக்கக் கூடாது. முனிக்கு இன்னம் வைக்கல. வைக்கிறதுக்குள்ள அவ வந்துரணும்னு சொல்லிருக்கேன். வரட்டும், வைக்கிறேன்."

ஊரில் பேச்சுக் கிளம்பியது. பூசாரியே சாமியை இருட்டில் போட்டுவிட்டார் என்றார்கள். ஒரு பஞ்சாயத்துக்காரர் நேராகவே வந்து, முனியை இப்படி இருட்டில் வைக்கலாமா என்று கேட்டார்.

"இருட்டுல இருந்தாத்தான்யா அது முனி" என்று சொல்லி அனுப்பிவிட்டார் அய்யா.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. குழவிக்குக் கோபம் வராது என்று நன்றாகத் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை நான். ஆனாலும் ஒரு வருடமாக அத்தனை பேர் கும்பிட்டதில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருந்தது. ஒருநாள் சாயங்காலம் மரத்தடியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டேன்.

"சாமி கோவிச்சுக்காதா அய்யா?"

"யாரு, இதுவா? தீவாளிக்குத் தீவாளி ஒங்க ஆத்தா மாவாட்டுன கொழவி. என்னையவா கோவிச்சுக்கும்?"

குழவியைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"தெரிஞ்சா இத்தனை நாளாக் கும்புட்டீங்க?"

"கொழவி நம்மளுதுதான். பஸ்ஸ நிறுத்துனது நாமளா?" என்றார். நான் அதை ஐம்பது வருடத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாமளா, இல்லையா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

அக்கா பரீட்சையில் தேறினாள். வேலையும் கிடைத்தது. வேலை கிடைத்த ஊருக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் பஸ் கிடையாது. முதல் ஆறு வருடம் நடந்தே போய்வந்தாள். மலாயாவிலிருந்து கடைசிவரை ஒரு தகவலும் வரவில்லை. சம்பளத்தில்தான் அவள் வாழ்ந்தாள். என் பொண்டாட்டி கையை அவள் ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை. என் பொண்டாட்டிதான் அடிக்கடி அவள் கையை எதிர்பார்த்தாள். இதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மற்றதைச் சொல்ல இடம் இருக்காது.

நிற்க வேண்டிய சாமி இல்லாததால் புதிய சாலையில் பஸ் காலையிலேயே டவுனிலிருந்து இன்னொரு நடையும் போய்வந்துகொண்டிருந்தது. பரீட்சை முடிந்த மறுநாள், அக்கா அந்தக் காலை பஸ்ஸில் ஏறி, புதிய சாலையில் எங்கள் ஊருக்கு நேராக இறங்கி, பொட்டலில் நடந்து வந்தாள். நானும் அய்யாவும் மரத்தடியில் இருந்தோம். தலையில் தகரப்பெட்டியோடு அவள் வருவது வெகு தூரத்திலேயே தெரிந்தது. மறைக்க அங்கே ஒரு மரமும் இல்லை. அவள் வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. தலைக்கு நேர் மேலே சூரியன். ஊருணியில் கண்ணைக் கூசும் வெயில். ஆடுகள் நிழலுக்கு வந்து எங்களைச் சுற்றிப் படுத்திருந்தன.

அய்யா எழுந்தார். கிண்ணத்திலிருந்து எண்ணெய் ஊற்றினார். திரியை நிமிண்டினார். தீக்குச்சியைக் கிழித்து விளக்கைப் பொருத்தினார். அந்த வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. எரிகிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். முகத்தில் சூடு பட்டது. எரிந்தது.

அக்கா பெட்டியை இறக்காமலே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற? வெளக்கு வச்சாச்சு. வெளிய நிக்காம வீட்டுக்குப் போ" என்றார் அய்யா.